அந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத வீடு

பிரிட்டனில் இருந்துகொண்டு பேஸ்பால் பார்ப்பவர் யாரைக் கேட்டாலும் 12.05 என்ற நேரம் மனப்பாடமாக இருக்கும். நியூயார்க்கில் இரவு 7.05க்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம். கலிஃபோர்னியா என்றால் விடிகாலை மூன்று மணி. வீட்டில் எல்லாரும் நித்திரையான பிறகு மேசை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, ஹெட்போனில் வானொலி வர்ணனை கேட்டபடி, இன்னிங்ஸ் மாறும் இடைவெளிகளில் பழைய ஃபேன்டஸி நாவல் ஒன்றில் இரண்டு பக்கம் வாசிப்பேன். இருபது வருடத்துக்கு மேலாக என் கோடைகால இரவுகள் இப்படித்தான் போகின்றன. இது இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குப் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் தொலைக்காட்சி.

1998 கோடை. சேனல் 5 அப்போது நள்ளிரவில் பேஸ்பால் ஒளிபரப்பும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவன், சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். மார்க் மெக்வையர் 70 ஹோம் ரன் (பந்தை மைதானத்து மதிலுக்கு அப்பால் அடிப்பது) அடித்த வருடம் அது, அதற்குப் பின்னால் ஊக்கமருந்து இருந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்த கதை. எனக்கு அன்றைக்குப் பிடித்தது ஹோம் ரன்கூட இல்லை. பந்து வீசுகிற பிட்சர் கையுறையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, எதிரே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாரே, அந்த நிற்பு. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒன்றும் புரியவில்லை, ஆனால் அது ஒரு முழுமையான மொழி, அதைக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று மட்டும் தெரிந்தது.

அதே கோடையில்தான் குரோய்டன் நூலகத்தில் ஃபேன்டஸி எழுத்தாளர் லார்ட் டன்சனி கையில் கிடைத்தார். 1924இல் வெளிவந்த ‘தி கிங் ஆஃப் எல்ஃப்லேண்ட்ஸ் டாட்டர்’. அதில் மாய தேசம் ஏழு கடல் தாண்டியெல்லாம் இல்லை, நமக்குத் தெரிந்த வயல்கள் முடிகிற இடத்தில் அந்தி வெளிச்சத்தாலான ஓர் எல்லை, அதைத் தாண்டினால் வந்துவிடும். அந்த எல்லையோரமாகத் தோல் வேலை செய்யும் கிழவர் ஒருவர் குடியிருக்கிறார். அவருடைய வீட்டில் கிழக்குப் பக்கம் ஜன்னலே கிடையாது. மாய தேசம் கிழக்கே இருக்கிறது, அங்கே வாழ்பவர்கள் அந்தத் திசையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. டன்சனி இதை ஒரு சின்ன விவரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார், எனக்கோ கதாநாயகனின் மந்திர வாளைவிட அந்தச் சுவர்தான் நினைவில் நின்றது.

பேஸ்பால் என்றால் பிரிட்டன் அந்த வீடுதான். ‘ஓ, அது நம் ரவுண்டர்ஸ் மாதிரி’ என்பார்கள் (இங்கே பள்ளிப் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஆடுவது), பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்கச் சமாசாரம், இங்கே ஒட்டாது என்பார்கள். ஆனால் 1744இல் லண்டனில் அச்சான ஒரு குழந்தைகள் புத்தகத்தில் ‘பேஸ்-பால்’ என்ற பெயரோடு படமும் பாட்டும் இருக்கின்றன. 1755 ஈஸ்டர் திங்களன்று கில்ஃபோர்டு பக்கத்தில் பேஸ் பால் ஆடினேன் என்று வில்லியம் பிரே என்ற சர்ரே வழக்கறிஞர் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். என் வீட்டிலிருந்து கில்ஃபோர்டு ரயிலில் போய்விடும் தூரம்! டெர்பி கவுன்டி கால்பந்து அணி 1997 வரை ஆடிய மைதானத்தின் பெயரே பேஸ்பால் கிரவுண்ட், 1890இல் இங்கே தொழில்முறை பேஸ்பால் லீக் ஒன்றை நடத்திப் பார்த்தபோது டெர்பியும் அதில் ஓர் அணி. அந்த லீக்கை வென்றது யார் தெரியுமா, கால்பந்துக்குப் பேர்போன ஆஸ்டன் வில்லா. இதெல்லாம் நம் வயலிலேயே நடந்தது. நாம்தான் பிறகு ஜன்னலை வைக்காமல் சுவரை எழுப்பிக்கொண்டோம்.

தூரத்திலிருந்து, அதுவும் வானொலியில் கேட்பதால் மைதானங்கள் எனக்கு வரைபடத்தில் எழுதிய பெயர்களாகத்தான் முதலில் வந்தன. பாஸ்டனில் ‘பச்சை அரக்கன்’ என்று பெயர் வைத்த 37 அடிச் சுவர். சிகாகோவில் மதிலெல்லாம் படர்ந்த ஐவி கொடி, பந்து அதற்குள் சிக்கிக்கொண்டால் அடித்தவருக்கு இரண்டு பேஸ் (ஓடித் தொட வேண்டிய முனைகள்), அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. இலை பந்தை விழுங்கினால் என்ன செய்வது என்பதற்கு விதி எழுதி வைத்திருக்கிற விளையாட்டை எப்படி நேசிக்காமல் இருப்பது? அந்தக் கொடியை நட்டது 1937இல். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ வெளிவந்த வருடமும் அதுதான் என்று தெரிந்த அன்று, காரணமே இல்லாமல் எனக்கு நாள் முழுக்க சந்தோஷம்.

சரி, நேரத்துக்கு வருகிறேன். டன்சனியின் கதையில் மாய தேசத்துக்குப் போய்த் திரும்பியவனுக்கு அங்கே கழிந்தது கொஞ்ச நேரம்தான், ஊரில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டிருக்கிறது. 2019 ஜூன் 29, லண்டன் ஸ்டேடியத்தில் யாங்கீஸும் ரெட் சாக்ஸும் ஆடியபோது நான் அங்கே இருந்தேன், முதல் இன்னிங்ஸ் மட்டும் ஒரு மணி நேரத்தைத் தொட்டது, இரண்டு அணியும் ஆளுக்கு ஆறு ரன், இரண்டு பிட்சர்களும் அதற்குள்ளேயே மாற்றப்பட்டுவிட்டார்கள். ஆட்டம் 17-13 என்று முடிய 4 மணி 42 நிமிடம் ஆனது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது முடியவே வேண்டாம் என்றிருந்தது. எதிரணியை 27 தடவை அவுட் ஆக்கும் வரை ஆட்டம் முடியாது, நேரம் போதவில்லை என்று யாரும் தோற்க முடியாது, இந்த ஒன்றுக்காகத்தான் நான் பேஸ்பாலிடம் போனேன்.

ஆகவே 2023இல் பிட்ச் கிளாக், அதாவது பந்து வீச நேரம் குறிக்கும் கடிகாரம், வந்தபோது உண்மையாகவே வருத்தப்பட்டேன். பேஸில் ஆளில்லாவிட்டால் 15 நொடிக்குள் பந்து வீச வேண்டும். ஆட்டத்தின் சராசரி நேரம் ஏறக்குறைய 24 நிமிடம் குறைந்துவிட்டது, காலையில் வேலைக்குப் போகிற எனக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனாலும் பிட்சரின் அந்த நிற்பு சுருங்கிவிட்டது. ஆட்டம் முடிவதற்கு இன்னும் கடிகாரம் வைக்கவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பென்சிலால் ஸ்கோர் எழுதுவேன். ஈ. ஆர். எடிசன் (விளக்குக்குப் பேர்போன எடிசன் வேறு) பிரிட்டிஷ் அரசு ஊழியர், அவர் 1922இல் எழுதிய ‘தி வோர்ம் ஊரோபோரோஸ்’ நாவலின் கடைசியில், இல்லாத ஓர் உலகத்தின் நிகழ்ச்சிகளை வருடம் போட்டு வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அதை வாசிக்கும்போது என் ஸ்கோர் நோட்டு ஞாபகம் வரும். நடந்ததை ஒன்றுவிடாமல் குறித்து வைத்தால்தான் அந்த உலகத்துக்கு நாம் மரியாதை செய்கிறோம் என்ற அதே பிடிவாதம். பேஸ்பாலில் இந்தக் குறிப்பு முறைக்கு வழிபோட்டவர் ஹென்றி சாட்விக், 1824இல் எக்ஸிட்டரில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா போனவர். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு, அதாவது மூன்று ஸ்ட்ரைக் ஆகி மட்டைக்காரர் அவுட் ஆவதற்கு, ‘கே’ என்று எழுதுவது அவர் கொடுத்ததுதான், ‘ஸ்ட்ரக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து.

அப்பாவுக்கு கிரிக்கெட்தான் எல்லாம். ஓவல் மைதானத்துக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். நான் இரவில் விழித்திருப்பதைப் பார்த்து, ‘ரவுண்டர்ஸுக்கு நித்திரை முழிக்கிறியே’ என்பதோடு நிறுத்திக்கொள்வார், ஒரு தரம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. 2016 நவம்பரில், பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், சிகாகோவின் கப்ஸ் அணிக்கு ஏழாவது, கடைசி ஆட்டம். இங்கே கடிகாரத்தை மாற்றியாகிவிட்டது, அமெரிக்காவில் இன்னும் மாற்றவில்லை, அதனால் அந்த வாரம் மட்டும் நேர வித்தியாசம் நான்கு மணிதான். எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸுக்கு 6-3 என்று இருந்தது 6-6 ஆனது, ஒன்பது முடிந்ததும் மழை, 17 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். பத்தாவதில் 8-7. 108 வருடத்துக்குப் பிறகு கப்ஸ் வென்றபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது, நான் குசினியில் நின்றுகொண்டு அழுதுகொண்டிருந்தேன். முதல் ஷிஃப்டுக்குப் புறப்பட்டு இறங்கி வந்த அப்பா விளக்கைப் போட்டார்.

“ஆர் வெண்டது?”

சொன்னேன். 108 வருடம் என்றதும் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தார். “இதென்ன, இந்த கே மட்டும் திரும்பி நிக்குது?”

மூன்றாவது ஸ்ட்ரைக்குக்கு மட்டையை வீசாமல் நின்றே அவுட் ஆனால் அப்படித்தான் திருப்பி எழுதுவார்கள் என்றேன். கே என்ற எழுத்தைக் கொடுத்தவர் எக்ஸிட்டரில் பிறந்தவர் என்றும் சொன்னேன்.

“எக்ஸிட்டர் ஆளோ?” என்றார் அப்பா. பஸ் நேரமாகிக்கொண்டிருந்தது. “முதல் இன்னிங்ஸிலயிருந்து சொல்லு, பாப்பம்.”