உஸ்தாத் (ஆசிரியர்) இல்லாமல் இஸ்லாம் படிக்க: எந்த நூல் முதலில், எது பிறகு

இஸ்லாத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பின் எல்லாப் பாகங்களையும் வாங்கி அலமாரியில் அடுக்குவது. குர்ஆனுக்கு அடுத்தபடி ஆதாரபூர்வமான நூல் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் ஆதாரபூர்வமானது வேறு, ஆரம்பத்தில் படிக்க ஏற்றது வேறு. புகாரியில் வழக்கிலுள்ள எண்ணிக்கைப்படி 7,563 ஹதீஸ்கள். திரும்ப வருபவற்றைக் கழித்தால் சுமார் 2,600தான். ஒரே ஹதீஸில் எந்தெந்தச் சட்டத்துக்கு ஆதாரம் இருக்கிறதோ, அந்தந்தத் தலைப்பின் கீழெல்லாம் இமாம் புகாரி அதை மறுபடி வைக்கிறார். அவருடைய சட்ட நுணுக்கமே அந்தத் தலைப்புகளில்தான் இருக்கிறது. ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) தெரிந்தவருக்கு அது விருந்து. தெரியாதவருக்கு "இதைத்தான் போன பாகத்திலேயே படித்தோமே" என்ற அலுப்பு.

அலுப்போடு போனால் பரவாயில்லை. ஸஹீஹ் முஸ்லிமில், நெருப்பில் சமைத்ததைச் சாப்பிட்டால் உளூ (தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்தல்) செய்யுங்கள் என்ற ஹதீஸ் வருகிறது. அதற்குப் பின்னாலேயே, நபி (ஸல்) அவர்கள் ஆட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டு மறுபடி உளூச் செய்யாமல் தொழுதார்கள் என்ற ஹதீஸும் வருகிறது. இரண்டும் ஸஹீஹ், அதாவது ஆதாரபூர்வமானவை. முதல் சட்டம் பின்னர் மாற்றப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. பக்கத்தில் உஸ்தாத் இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிடுவார். தனியாகப் படிப்பவர் முதல் ஹதீஸோடு அன்றைய படிப்பை நிறுத்தினால், சாப்பிடும்போதெல்லாம் உளூ முறிகிறது என்று நம்பிக்கொண்டிருப்பார். சரியான நூலிலிருந்து தவறான சட்டம் இப்படித்தான் பிறக்கிறது.

உஸ்தாத் செய்யும் வேலை மூன்று. எது முதலில், எது பிறகு என்று சொல்வார். இது உனக்கு இப்போது வேண்டாம் என்று சிலவற்றை ஒதுக்குவார். தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்துவார். முதல் இரண்டு வேலைகளையும் நல்ல ஆரம்ப நூல் ஓரளவு செய்துவிடும். மூன்றாவதை எந்த நூலும் செய்யாது. ஆகவே தனியாகப் படிப்பவர் நூலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இதில் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல. எனக்கு இப்போது வேண்டாததை இந்த ஆசிரியர் ஒதுக்கியிருக்கிறாரா என்பதுதான்.

அதற்காகப் பக்கம் குறைந்ததெல்லாம் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) மத்ன் அபீ ஷுஜாஉ, ஹனஃபி மத்ஹபின் நூருல் ஈளாஹ் போன்றவை மதரஸாக்களில் ஆரம்ப வகுப்பு நூல்கள். ஆனால் இந்த வகை மத்ன்கள் (சுருக்க மூலநூல்கள்), மாணவர் மனனம் செய்ய, உஸ்தாத் விளக்கம் சொல்ல என்று சுருக்கி எழுதப்பட்டவை. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு பக்க விளக்கம் ஒளிந்திருக்கும். விளக்கவுரை இல்லாத வெறும் மொழிபெயர்ப்பை வாங்கினால் பாதி புரியாது. புரிந்ததாகத் தோன்றும் பாதியிலும் தவறு இருக்கும். தனியாகப் படிப்பவருக்கு அதே சட்டங்களை இக்கால உரைநடையில் உதாரணங்களோடு சொல்லும் 150, 200 பக்க நூல்தான் ஏற்றது. பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். இப்னு ருஷ்தின் பிதாயத்துல் முஜ்தஹித் என்ற பெயரில் "ஆரம்பம்" என்ற சொல் இருக்கிறது; அது முஜ்தஹிதுக்கு, அதாவது ஆதாரங்களிலிருந்து தாமே சட்டம் எடுக்கும் அறிஞருக்கு, ஆரம்பம். எதில் எதில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள், ஏன் வேறுபட்டார்கள் என்பதே அதன் பொருள்.

என்னென்ன துறை படிக்க வேண்டும் என்பதற்கு ஹதீஸே வரைபடம் தருகிறது. இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் இரண்டாவதாக வரும், வானவர் ஜிப்ரீல் நபியிடம் கேள்வி கேட்கும் ஹதீஸில் இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் என்று மூன்று கேள்விகள். முதலாவதை விரித்தால் ஃபிக்ஹ். இரண்டாவதை விரித்தால் அகீதா (நம்பிக்கைக் கொள்கை). மூன்றாவது உள்ளத்தைப் பண்படுத்துவது. இவற்றோடு குர்ஆனும் ஸீராவும் (நபியின் வாழ்க்கை வரலாறு). துறைக்கு ஒரு நூல் வீதம் ஐந்தே நூல்கள் முதல் ஆண்டுக்குப் போதும். ஆறாவதை வாங்கக் கை நீளும்போது, முதல் ஐந்தில் எத்தனை முடிந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபிக்ஹில்தான் தனியாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். காரணம், இரண்டு மூன்று நூல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வது. உளூவில் ஷாஃபிஈ மத்ஹபின்படி ஃபர்ளு (கட்டாயமானவை) 6: நிய்யத் (மனதில் எண்ணுதல்), முகம் கழுவுதல், முழங்கைகள் வரை கழுவுதல், தலையில் ஒரு பகுதியை மஸ்ஹு செய்தல் (ஈரக் கையால் தடவுதல்), கணுக்கால்கள் வரை கழுவுதல், இந்த வரிசையில் செய்தல். ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு 4. நிய்யத்தும் வரிசையும் அங்கே ஸுன்னத் (கட்டாயமில்லாத நபிவழி). ஆனால் தலையில் கால் பங்கையாவது மஸ்ஹு செய்ய வேண்டும். இப்போது ஒருவருக்குக் காயத்திலிருந்து இரத்தம் வழிகிறது. "ஷாஃபிஈயில் உளூ முறியாது" என்கிறார். பிறகு மனைவியின் கையைத் தொடுகிறார். "ஹனஃபியில் முறியாது" என்கிறார். அப்படியே தொழுகிறார். அந்தத் தொழுகை இரண்டு மத்ஹபிலுமே செல்லாது, ஏனென்றால் இரத்தம் வழிந்ததால் ஹனஃபியில் முறிந்துவிட்டது, தொட்டதால் ஷாஃபிஈயில் முறிந்துவிட்டது. ஒவ்வொரு நூலும் தன்னளவில் சரி. சேர்த்த விதம்தான் தவறு. எந்த மத்ஹபையும் பின்பற்றுவதில்லை என்பவருக்கும் என் கருத்து இதுதான்: முதலில் ஏதாவது ஒரே முறையைத் தூய்மை, தொழுகை, நோன்பு, ஜகாத் வரை முழுதாகக் கற்றுவிடுங்கள். ஒப்பீடு அதற்குப் பிறகு. ஃபத்வாத் தொகுப்புகளையும் அதுவரை தள்ளி வையுங்கள். ஃபத்வா என்பது ஒருவரின் சூழ்நிலைக்குச் சொன்ன பதில். அந்தச் சூழ்நிலை பல நேரம் நூலில் அச்சாவதில்லை.

குர்ஆன் மொழிபெயர்ப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து நேராகப் போவதும் கடினமான வழி. ஃபாத்திஹா முடிந்ததும் வருவது 286 வசனங்கள் கொண்ட அல்பகரா. அது மதீனாவில் அருளப்பட்டது. திருமணம், தலாக், கடன், போர் எல்லாம் உண்டு. முதன்முதலாக அருளப்பட்ட வசனங்களோ 96ஆம் சூராவில் இருக்கின்றன. ஆகவே கடைசி ஜுஸ்உவிலிருந்து (பாகத்திலிருந்து) தொடங்குங்கள். 78 முதல் 114 வரை 37 சூராக்கள், பெரும்பாலும் மக்காவில் அருளப்பட்டவை, தொழுகையில் தினமும் ஓதப்படுபவை. வசனத்துக்கு வசனம் இரண்டு மூன்று வரி விளக்கம் தரும் சுருக்கமான தஃப்ஸீர் போதும்.

இரண்டு மொழிபெயர்ப்புகளாவது வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதாது. 2ஆம் சூராவின் 228ஆம் வசனத்தில் (2:228) தலாக் சொல்லப்பட்ட பெண்கள் மூன்று "குரூஉ" காத்திருக்க வேண்டும் என்று வருகிறது. அந்தச் சொல்லுக்கு மாதவிடாய் என்றும் பொருள் உண்டு, இரண்டு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலம் என்றும் பொருள் உண்டு. ஹனஃபிகள் முதல் பொருளை எடுக்கிறார்கள், ஷாஃபிஈகள் இரண்டாவதை. தமிழில் எழுதுபவர் இரண்டில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். எழுதியதும் மற்றது மறைந்துவிடும். இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து, வேறுபடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போனால், எங்கே கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் தம் சொற்களை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அப்படி வைக்காத பதிப்பில் எது வசனம், எது விளக்கம் என்று பிரிக்க முடியாது.

ஸீராவைக் குர்ஆனோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். 610இல் வஹீ (இறைச்செய்தி) தொடங்கியது. மக்காவில் 13 ஆண்டுகள். 622இல் ஹிஜ்ரத் (மதீனாவுக்குக் குடிபெயர்தல்), 624இல் பத்ர் போர், 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை, 630இல் மக்கா வெற்றி, 632இல் நபி (ஸல்) அவர்களின் மறைவு. இந்தக் காலவரிசை மனதில் இருந்தால்தான் ஒரு வசனம் எந்த நேரத்தில் யாரிடம் பேசுகிறது என்று புரியும். போரிடச் சொல்லும் 9:5ஐ மட்டும் பிய்த்துக் காட்டி வாதம் செய்பவர்களை நிறையப் பார்க்கலாம். உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு விலக்கு அளிக்கும் 9:4, அடைக்கலம் கேட்டு வருபவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கச் சொல்லும் 9:6 இரண்டும் அதன் இரு பக்கத்திலும் இருக்கின்றன. முபாரக்பூரியின் அர்ரஹீக்குல் மக்தூம் என்ற ஸீரா நூல் காலவரிசையில் போவதால் இதற்கு உதவும். அது கனமானதாகப் பட்டால் முதல் தடவை படையெடுப்புகளின் விவரங்களை மேலோட்டமாகக் கடந்து போகலாம். மக்கா வாழ்க்கையை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிடாதீர்கள்.

அகீதாவுக்கு இமாம் தஹாவியின் சிறு நூலைப் பலர் சொல்வார்கள். அதற்கு வந்த விளக்கவுரைகள் ஒரே திசையில் போவதில்லை. மாதுரீதி என்ற கொள்கைப் பள்ளியினரின் உரை ஒரு பக்கம், இப்னு அபில் இஸ்ஸின் உரை இன்னொரு பக்கம். முதலில் மூலத்தை மட்டும் படியுங்கள். பிறகு உரையாசிரியர் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொண்டு உரைக்குப் போங்கள். பிற பிரிவினருக்கு மறுப்பாக எழுதிய நூல்கள் முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். தம் நம்பிக்கை இன்னதென்று தெரிவதற்கு முன்பே அடுத்தவர் தவறு மட்டும் மனப்பாடமாகிவிடும்.

ஹதீஸுக்கும், உள்ளத்தைப் பண்படுத்துவதற்கும் நவவியின் நாற்பதுதான். பெயர் நாற்பது, இருப்பவை 42. மூன்று நாளுக்கு ஒன்று என்று போனால் சுமார் நான்கு மாதத்தில் முடியும். நாற்பது ஹதீஸ்களை மனனம் செய்பவருக்கு இன்ன சிறப்பு என்று சொல்லும் ஹதீஸ் பலவீனமானது என்பதில் ஹதீஸ் அறிஞர்கள் ஒத்திருக்கிறார்கள் என்று இமாம் நவவியே தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார். முன்னுரையை விட்டுவிட்ட மலிவுப் பதிப்பில் அந்த நேர்மை உங்களுக்குக் கிடைக்காது.

எந்த நூலையும் வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் புரட்டிப் பாருங்கள். உளூ பாடத்தைத் திறந்து, எந்த மத்ஹபின் சட்டம் என்று சொல்லியிருக்கிறதா, ஃபர்ளு எது, ஸுன்னத் எது என்று பிரித்திருக்கிறதா என்று பாருங்கள். குர்ஆன் வசனங்களுக்குச் சூரா எண்ணும் வசன எண்ணும் வேண்டும். ஹதீஸ்களுக்கு நூல் பெயர், எண், புகாரி, முஸ்லிம் அல்லாதவற்றுக்கு ஸஹீஹ், ஹஸன் (நல்லது), ளயீஃப் (பலவீனமானது) என்ற தரமும் வேண்டும். "ஹதீஸில் வந்துள்ளது" என்று மட்டும் எழுதிப் போகும் நூலை அங்கேயே வைத்துவிடலாம். மொழிபெயர்ப்பு என்றால் மூலநூலின் பெயர், ஆசிரியர் பெயர், முழு நூலா சுருக்கமா என்பதும் இருக்க வேண்டும். ஆனால் ஹதீஸ் எண் பொருந்தவில்லை என்பதற்காக நூலைச் சந்தேகிக்காதீர்கள். முஸ்லிமுக்கு ஃபுஆத் அப்துல் பாக்கி போட்ட எண் வரிசை 3,033இல் முடிகிறது. எல்லா அறிவிப்புகளையும் தனித்தனியாக எண்ணும் பதிப்புகளில் 7,000ஐத் தாண்டும். அத்தியாயத் தலைப்பை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

படிக்கும்போது ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி வாருங்கள்: நூல், பக்கம், புரியாத வரி, நீங்கள் புரிந்துகொண்ட விதம். நான்காவதுதான் முக்கியம். மாதம் ஒரு முறை ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) அந்த நோட்டைக் காட்டினால், தப்பைத் திருத்தும் அந்த மூன்றாவது வேலையை அவர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்.

ஓதுவதை மட்டும் புத்தகத்திடம் விடாதீர்கள். தமிழ் எழுத்தில் அச்சடித்த சூராக்களைப் பார்த்து மனனம் செய்வதால் வரும் பிழை பின்னால் திருத்த மிகவும் கஷ்டம். காஃப் இரண்டு; இரண்டுக்கும் தமிழில் "க" ஒன்றுதான். நாக்கின் வேர்ப்பகுதி உள்நாக்கு இருக்கும் இடத்தில் பட வரும் காஃபில் "கல்பு" என்றால் உள்ளம். மற்ற காஃபில் "கல்பு" என்றால் நாய். ஒரு நாளில் ஃபர்ளு தொழுகை மட்டும் 17 ரக்அத். ஃபாத்திஹாவின் ஏழு வசனங்களும் அத்தனை தடவை ஓதப்படுகின்றன. எழுத்துகளைக் காயிதாவில் (அரபு எழுத்துப் பாட நூலில்) பாருங்கள், நல்ல காரியின் (முறையாகக் குர்ஆன் ஓதுபவரின்) ஒலிப்பதிவைக் கேளுங்கள், பிறகு ஓதத் தெரிந்த ஒருவர் முன் உட்கார்ந்து ஃபாத்திஹாவை மட்டும் ஓதிக் காட்டுங்கள். அது சரியாக வந்ததும் 112, 113, 114.