கோல் யார் கையில்?

மொழிபெயர்ப்புப் பணியில் என்னை அதிகம் தடுமாறவைத்தவை கலைச்சொற்கள் அல்ல. ஒருவரை ஒரு செயலின் பக்கம் சாயச் செய்வதைக் குறிக்கும் எளிய வினைச்சொற்களே.

ஒருமுறை ஊழியர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். சேமிப்புத் திட்டத்தில் எல்லோரையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டு, விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று வைத்தால் சேமிப்போர் எண்ணிக்கை கூடும் என்பது அதில் ஒரு பகுதி. 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு தேலரின் சிந்தனை வழியில் வந்த யோசனை அது. 'இந்த ஏற்பாடு ஊழியர்களைச் சேமிக்கத் தூண்டுகிறது' என்று எழுதினேன். மூத்த பதிப்பாசிரியர் வினையைச் சுழித்து, "இங்கே கோல் யார் கையில் இருக்கிறது?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.

யோசித்த பிறகே அது விளங்கியது. விளக்குத் திரியை மேலே தள்ளுவது தூண்டுகோல், மீனை இழுப்பது தூண்டில். தூண்டுதல் என்றாலே பின்னால் ஒரு கை தெரிகிறது. வன்முறையைத் தூண்டியதாகச் செய்திகளில் படித்துப் படித்து, அச்சொல்லில் குற்றத்தின் வாடையும் ஏறிவிட்டது. 'ஊக்குவித்தல்' பெரும்பாலும் நல்லதன் பக்கமே நிற்கும். அதில் பாராட்டு கலந்திருக்கிறது. 'வற்புறுத்தல்' எதிராளியின் விருப்பமின்மையைச் சொல்லிவிடுகிறது. 'சேமிக்க வைத்தது' என்றாலோ அவர் சேமித்தேவிட்டார் என்று பொருள்படும். ஆனால், மூலம் பேசியது நடந்து முடிந்ததைப் பற்றியல்ல, நடப்பதற்கான சாத்தியத்தைப் பற்றி. இத்தகைய ஏற்பாட்டுக்குத் தேலர் பயன்படுத்திய 'நட்ஜ்' (nudge) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் முழங்கையால் மெல்ல இடிப்பது; தமிழில் இடித்தால் அது இடித்துரைப்பதில் போய் முடியும் என்பதால் அந்த வழியும் அடைபட்டது.

மருத்துவக் கட்டுரைகளைத் திருத்தியபோது பழகிய 'நோய்க்கு ஏதுவான' என்ற தொடர் நினைவுக்கு வந்தது. அதில் தள்ளும் கை இல்லை, கட்டாயம் நிகழும் என்ற உறுதியும் இல்லை. எனினும், 'சேமிக்க ஏதுவாகிறது' என்று எழுதிப் பார்த்தால் வெறும் வசதி செய்துகொடுத்ததாகவே படுகிறது.

கடைசியில், ஒற்றைச் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, 'இந்த ஏற்பாட்டால் ஊழியர்கள் சேமிப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது' என்று நீட்டி எழுதினேன். பதிப்பாசிரியர் அதை ஏற்று, ஓரத்தில் இன்னொரு குறிப்பும் எழுதினார்: முதல் வாக்கியத்தில் 'ஊழியர்களை' என்று செயப்படுபொருளாக இருந்தவர்கள், இப்போது சேமிக்கும் வினைக்குத் தாங்களே எழுவாயாகிவிட்டார்கள்.