மதகு வந்தால் நடக்கலாம்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் அல்ட்ரா ஓட்டத்துக்கு, அதாவது மாரத்தானைவிட நீண்ட ஓட்டத்துக்கு, பயிற்சி எடுக்கிறோம் என்றால் மலையில் ஓடுகிறவர்கள், "சமதரைதானே, சுலபம்" என்பார்கள். சமதரைதான், கஷ்டமே அதுதான். மலையில் ஏற்றம் வந்தால் எல்லோரும் நடந்துவிடுகிறார்கள். இறக்கத்தில் தொடைக்கு வேறு வேலை கிடைக்கிறது. காவிரிக் கரையில் அப்படி எதுவும் இல்லை. முதல் கிலோமீட்டரில் கால் எப்படி விழுந்ததோ நாற்பதாவதிலும் அப்படியேதான் விழுகிறது. நடப்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமென்றால் அதை நாமேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு அந்தச் சாக்கைக் கண்டுபிடித்தவன் மாப்ள. சொந்தக்காரன் இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். அவனுக்குக் குடமுருட்டிப் பாசனத்தில் நிலம். நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வாட்ச்சில் அலாரம் வைத்தேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "மணியைப் பாத்துக்கிட்டே ஓட என்னால ஆகாது மாப்ள. மதகு வந்தா நடப்போம், தாண்டினா ஓடுவோம்" என்றான்.

ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்திலெல்லாம் கரையில் ஒரு மதகு இருக்கும். மேலே சிமெண்ட் மேடை, துருப்பிடித்த திருகு, ஷட்டர். சில இடங்களில் அடுத்தடுத்து வரும், சில இடங்களில் வரவே வராது. அதில்தான் நன்மையே. அலாரத்துக்குக் காத்திருக்கும்போது மனசு நொடிகளை எண்ணுகிறது. மதகுக்குக் காத்திருந்தால் கண் தூரத்தைப் பார்க்கிறது, கழுத்தும் தோளும் தானாக நிமிர்கின்றன. மதகில் நடந்தபடியே நாலு மடக்குத் தண்ணீர், கடலை மிட்டாயில் பாதி. அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டருக்கு மேல் போனாலே அல்ட்ராதான். போட்டி எதிலும் பெயர் கொடுக்காமல், கல்லணையில் தொடங்கி காவிரியோடு கபிஸ்தலம் வரை போவதென்று முடிவு செய்தோம். ஐம்பதைத் தாண்டிவிடும். கல்லணை பூம்புகார் சாலை கூடவே வரும் என்பதால் உதவிக்கு ஆள் வருவதும் எளிது. மண்பாதை கிடைக்கிற இடத்திலெல்லாம் மண்பாதையில் போவது என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஜூனில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த சமயத்தில் பயிற்சியைத் தொடங்கினோம். சனிக்கிழமை நீண்ட ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அந்தக் களைத்த காலோடு இன்னொன்று. இந்த இரண்டாவது நாள்தான் முக்கியம். ஐம்பது கிலோமீட்டரின் கடைசிப் பகுதி எப்படி இருக்கும் என்பதைக் காலுக்கு அதுதான் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறது.

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கரை வேறு மாதிரி ஆகிவிட்டது. இந்தக் களிமண்ணில் ஆழமான பல் வைத்த டிரெயில் ஷூ உதவாது. பல்லுக்கு இடையில் மண் அப்பி, பத்தடிக்குள் ஒவ்வொரு காலும் கல்லாகக் கனக்கும். பல் குறைந்த ஷூதான் இங்கே சரி. கரைப்பாதை பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எப்போதும் ஒரே திசையில் ஓடினால் ஒரு முழங்காலின் வெளிப்பக்கம் மட்டும் வலிக்கும். அதனால் போன கரையிலேயே திரும்பி வருவோம், சாய்வு சரியாகிவிடும். அறுவடை சமயத்தில் நெல் வயலுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியன் வரும். விடிவதற்கு முன் தலையில் விளக்கு இல்லாமல் கரையில் கால் வைக்கவே கூடாது.

காலைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது ஒரு அம்மா. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் சாலை முழுக்க இருப்பார்கள். அவர்களில் ஒருவர் தஞ்சாவூர் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விரல் இடுக்கையெல்லாம் துண்டால் ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "காலு நனைஞ்சா அப்படியே போகாதீங்க தம்பி. உக்காந்து காய வச்சிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம் போனா போவுது" என்றார். ஊறிய தோல்தான் சீக்கிரம் கொப்பளிக்கும். எத்தனையோ வருடம் வெறுங்காலோடு நடந்த அனுபவம் அவருடையது. ஓட்டத்தன்று மாற்றுச் சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டது அவர் சொன்னதால்தான்.

மருந்துக்கடைக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெறும் தண்ணீரையே அளவு தெரியாமல் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மாப்ளவுக்கு அந்த ருசி ஆகாது. உப்புப் போட்ட நீராகாரத்தை வடிகட்டி பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருவான்.

பிப்ரவரியில் ஓடினோம். சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருந்தது. அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்து தாளுக்கு நடுவே பச்சையாக முளைத்திருந்தது. இருட்டில் கல்லணையை விட்டுக் கிளம்பினோம். கோவிலடியில் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனோம். தினமும் ராத்திரி பெருமாளுக்கு அப்பம் படைக்கிற கோயில் அது. திருக்காட்டுப்பள்ளி வரை பேச்சு ஓயவில்லை. பெல்ட் போட்ட அறுவடை மெஷின் ஏறி இறங்கிய தடம் காய்ந்து கல்லாகிக் கிடந்த இடங்களில் மட்டும் வாயை மூடிக்கொண்டு காலைப் பார்த்து ஓடினோம்.

திருவையாற்றில் மாப்ளவின் வீட்டம்மா ஸ்கூட்டியில் வந்து காத்திருந்தார். இளநீர், பூவன்பழம், கூடவே வாழையிலைத் துண்டில் சூடாக அசோகா அல்வா. பாசிப்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய். நெய் ஓட்டத்துக்கு ஆகாது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டதும் உடம்பெல்லாம் தெம்பு வந்தது. புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து சாக்ஸை மாற்றினோம்.

அதற்கப்புறம்தான் உண்மையான ஓட்டம். வெயில் ஏறிவிட்டது. கணபதி அக்ரகாரத்துக்கு முன்னால் வெகுதூரம் மதகே வரவில்லை. நான் அவனைவிட வேகமாக ஓடுகிறவன். அவன் என்னைவிட நிதானமானவன். அதுவரை என் வேகத்துக்கு அவன் கொஞ்சம் நீட்டிக்கொண்டும் அவன் நிதானத்துக்கு நான் கொஞ்சம் அடங்கியும் வந்தோம். அங்கே என் கால் சுத்தமாக நின்றுவிடும் போலிருந்தது. "நடப்போமாடா" என்றேன். "மதகு வரட்டும்" என்றான். திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரு எட்டு முன்னால் போய், அவன் நிழல் என் காலடியில் விழுகிற மாதிரி ஓடினான். நான் அந்த நிழலை மிதித்துக்கொண்டே போனேன். மதகு வந்தது. ஷட்டர் கம்பியைப் பிடித்து நின்று மிட்டாயை உடைத்து, பெரிய துண்டை என் கையில் வைத்தான்.

தனியாக ஓடியிருந்தால் அந்த இடத்திலேயே ஸ்கூட்டியை வரச்சொல்லியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயிற்சி, ஷூ, உப்பு எல்லாம் வேண்டும்தான். ஆனால் நம் மூச்சுச் சத்தத்தை வைத்தே இவனால் இன்னும் முடியும் என்று கணிக்கிற ஒருத்தன் பக்கத்தில் ஓட வேண்டும். அப்படி ஒருத்தன் மாதக்கணக்கில் கூட ஓடினால்தான் உருவாவான்.

மதியத்துக்குள் கபிஸ்தலம் போய்ச் சேர்ந்தோம். மோர் குடித்துவிட்டு மாப்ள அவசரமாகக் கிளம்பினான், கொள்முதல் நிலையத்தில் அவன் மூட்டைகள் எடைக்குக் காத்திருந்தன. அடுத்த வருடம் கபிஸ்தலத்தில் தொடங்கி பூம்புகார் வரை என்று பேசி வைத்திருக்கிறோம். ஒரே நாளில் முடியாது, மயிலாடுதுறையில் ராத்திரி தங்கி மறுநாள் ஓட வேண்டும். அந்தப் பக்கத்து மதகுகள் எங்கெங்கே என்று அவன் இப்போதே மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.