ஒரே வண்டிக்கு இரண்டாவது ஹெட் கேஸ்கெட்

மே மாதத்து மதியம். சேலத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு ஐந்து பேராகத் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சேலத்துப் பக்கமிருந்து வந்தால் தொப்பூர் கணவாய் ஏற்றம். ஏசி ஓடுகிறது, முன்னால் லோடு லாரிகள். பாதி ஏறும்போதே டெம்பரேச்சர் முள் மேலே போக ஆரம்பித்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பா கொதிக்கிறது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு மாதத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் எஞ்சினின் மேல் மூடியான ஹெட்டை இறக்கி, அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றியிருந்தேன். 1.3 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், நாலு சிலிண்டர். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகியது, டப்பாவில் விடாமல் குமிழி வந்தது. சூடேறும் முன்பே அழுத்தம் வருகிறதென்றால் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது என்று அர்த்தம்.

இந்த முறை மச்சான் சொன்ன கிருஷ்ணகிரி மெக்கானிக்கிடம் வண்டியைக் கட்டி இழுத்துப் போனேன். போகும்போதே கேஸ்கெட் வாங்கி வரட்டுமா என்று போனில் கேட்டேன். "இப்ப வாங்காதீங்க சார். வண்டி பேரைச் சொன்னா கடையில ஒண்ணு எடுத்துக் கொடுத்துடுவாங்க. உங்க எஞ்சினுக்கு அதுதானான்னு பிஸ்டனை அளந்தாதான் தெரியும்" என்றார். முதல் முறை யாரும் இதைச் சொல்லவில்லை.

ஹெட்டை இறக்கியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கெட் கருகியிருந்தது. அந்த இடத்தில் ஹெட்டில் வட்ட வட்டமாகக் கீறல்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட மெஷினில் எமரி டிஸ்க் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஹெட் அலுமினியம், சீக்கிரம் குழி விழும். இந்த எஞ்சினுக்கு வருவது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட். பழைய காலத்து கேஸ்கெட் கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தாலும் அமுங்கி அடைத்துக்கொள்ளும். ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு முகம் வழவழவென்று இருக்க வேண்டும். டர்போ வண்டியில் ஏற்றத்தில் கிலோமீட்டர் கணக்கில் பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம், குறையாமல் நிற்கும். அந்த அழுத்தம் முதலில் தேடிப் போவது சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும் ஒல்லியான பட்டையைத்தான்.

நேர்ச்சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தகடு அந்த இடத்தில் உள்ளே போனது. எல்லா டீசல் ஹெட்டையும் சீவ முடியாது. இதற்கு மேனுவலில் அனுமதித்த அளவு இருந்ததால் பிரஷர் டெஸ்ட் செய்து, வெடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகு லேத் பட்டறையில் மெலிசாகச் சீவி வாங்கினோம். சீவினால் வால்வு ஹெட் முகத்தோடு நெருங்கி வரும் என்று அதையும் அளந்தார்.

அப்புறம் உயர வித்தியாசத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜ். பிளாக் முகத்தில் பூஜ்யம் வைத்து, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, அது பிளாக்கை விட எவ்வளவு மேலே நிற்கிறது என்று இரண்டு இடத்தில் எடுத்தார். நாலு பிஸ்டனில் எது அதிகமோ அதுதான் கணக்கு. அதற்கேற்ற தடிமனை மேனுவல் அட்டவணையில் பார்க்க வேண்டும். கேஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கைதான் தடிமனுக்கு அடையாளம். எங்களுக்கு வர வேண்டியது இரண்டு துளை. கழற்றியதில் ஒன்றுதான் இருந்தது, அதாவது மெலிசானது. போன முறை கேஸ்கெட் போனது அதனால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேவையை விட மெலிசான கேஸ்கெட்டில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்துபோகும். அளந்து பார்க்காமலே போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

போல்ட்டுகள் பத்தும் புதிது. இவை இறுக்கும்போது கொஞ்சம் நீண்டு பிடிக்கிற வகை, இன்னொரு முறை போடக்கூடாது. போன முறை பழையதையே போட்டிருந்தார்கள், பில்லில் போல்ட் என்ற வரியே இல்லை. பிளாக்கின் போல்ட் குழிகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் காற்றடித்து, துணி விட்டுத் துடைத்தார். குழியில் எண்ணெய் நின்றால் டார்க் ரெஞ்ச் காட்டும் இறுக்க விசைக் கணக்கு பொய்யாகிவிடும், பிளாக்கே வெடிக்கவும் செய்யலாம். கேஸ்கெட்டைப் பிசின் எதுவும் தடவாமல் வைத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றிப் போய், முதலில் மேனுவல் சொன்ன டார்க், பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் 90 டிகிரி, திரும்ப ஒரு 90. போல்ட் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுத் திருப்பியதால் எது திரும்பியது, எது பாக்கி என்ற குழப்பமே வரவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றியபோது உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு. அது என் தவறு. அவசரத்துக்கு போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். காய்ச்சினால் பாத்திரத்தில் படிகிற அதே உப்பு குழாய்களை அடைத்திருக்கிறது. கிளீன் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியாயிற்று.

ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வந்து போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டுமா என்று கேட்டேன். "இந்த போல்ட்டைத் தொடவே கூடாதுங்க. ஒரு வாரம் காலையில வண்டி எடுக்கும் முன்னாடி கூலன்ட் அளவை மட்டும் பாருங்க" என்றார். பார்த்தேன். நடுவில் ஒரு நாள் அதே ஐந்து பேரோடு தொப்பூரும் ஏறி வந்தேன். ஏழு நாளும் கூலன்ட் கோட்டிலேயே நின்றது.