ஒரே வார்டில் இரண்டு செல்வி

சென்னையில் ஒரு மருத்துவமனை ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கவனமாக இரு, மனசை ஒரு இடத்தில் வை என்று எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எங்கள் வேலையில் அது சாம்பிள் டியூபில் பெயர் எழுதுகிற அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது.

ரத்தப் பிரிவுகள் இருப்பதை ஆஸ்திரிய விஞ்ஞானி லாண்ட்ஸ்டெய்னர் 1901-லேயே எழுதிவிட்டார். இன்றைக்குப் பிரிவு பார்ப்பது சில நிமிட வேலை. பிரிவு மாறி ரத்தம் ஏறுகிற சம்பவங்களில் பெரும்பாலும் பரிசோதனை தப்பாக இருப்பதில்லை, ஆள்தான் மாறியிருப்பார். டியூபில் இருப்பது பக்கத்துக் கட்டில்காரர் ரத்தம் என்றால், நான் எத்தனை முறை கிராஸ் மேட்ச் (கொடுப்பவர் ரத்தமும் நோயாளி ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) செய்தாலும் அது அந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்குத்தான் சரியாக வரும். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே குளிர் நடுக்கம், முதுகு வலி, சிறுநீர் கறுத்துப் போவது, சிறுநீரகம் பழுதாவது, சமயத்தில் உயிரே போவது. டியூபில் பெயர் எழுதியவர் அதற்குள் டியூட்டி முடிந்து பஸ் ஏறியிருப்பார்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே வார்டில் கே. செல்வி இரண்டு பேர் இருப்பது பெரிய அதிசயமில்லை, வயதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்துவிடும். அப்படித்தான் ஒரு நாள் மழைக்காலத்தில், டெங்கு சீசன், பிளேட்லெட் கேட்டு போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தபோது (பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் வைக்க முடியாது, அதனால் அந்த நாட்களில் எல்லோருக்குமே அவசரம்தான்) ஒரு செல்வியின் சாம்பிள் வந்தது. ஏ பாசிட்டிவ் என்று வந்தது. எங்கள் சீனியர் அக்கா பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினார், அதில் அதே நோயாளி எண்ணுக்கு பி பாசிட்டிவ். வார்டிலிருந்து டாக்டர் போனில் சத்தம் போட்டார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை, "புது சாம்பிள் அனுப்புங்க சார், அதுவரைக்கும் பேக் வெளியே போகாது" என்று மட்டும் சொன்னார். புது சாம்பிள் பி பாசிட்டிவ். முதலில் எடுத்தது இன்னொரு செல்வியிடம்.

விசாரித்தபோது தெரிந்தது, கட்டிலருகே "செல்விதானேம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள், அந்த அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லையே, அவரும் செல்விதான். காய்ச்சலில் கிடப்பவரிடம் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டியிருக்கிற பட்டையில் எண்ணைப் பார்த்து, கட்டிலை விட்டு நகராமல் அங்கேயே டியூபில் எழுத வேண்டும். நாலு பேரிடம் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்து எழுதுகிற பழக்கத்தை எங்கே பார்த்தாலும் எனக்குப் பதறும்.

இதைவிட நான் பயப்படுவது இரண்டாவது கையெழுத்துக்கு. பேக் ஏற்றும் முன் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நடப்பது என்னவென்றால், முதல் ஆள் நல்ல வேலைக்காரர் என்று தெரிந்தால் இரண்டாவது ஆள் பார்க்காமலே போட்டுவிடுகிறார். அவருக்கு இதில் கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, கூட வேலை செய்பவரைச் சந்தேகப்படுவதா என்ற கூச்சம்தான். எனக்கு இதில் துளியும் உடன்பாடு கிடையாது. பார்க்காமல் போடுகிற கையெழுத்து, சரிபார்த்தாயிற்று என்று அடுத்த ஆளையும் நம்ப வைத்துவிடும், அதற்குக் கையெழுத்தே இல்லாமல் இருப்பது மேல். அக்கா இன்றைக்கும் என் பேக்கை எண் எண்ணாக வாய்விட்டுப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்ற நேர்ந்தால், சிஸ்டர் மூன்றாவது முறையாகப் பெயர் கேட்கும்போது "எத்தனை தடவை கேட்பீங்க" என்று கோபப்படாதீர்கள். கேட்காமல் பேக்கை மாட்ட வந்தால் நீங்களே கேளுங்கள்.