பூ மார்க்கெட்டும் மூணாவது மாடி வீடும்

விடியக்காலம் நாலு மணிக்கு கோயமுத்தூர் பூ மார்க்கெட் போயிருந்தேன். (சீர் வீட்டுக்காரங்க நாங்க. மல்லி விலையை மட்டும் கேட்றாதீங்க.) பூட்டுன கடைப் படியில சாக்கு விரிச்சு ஒரு ஆத்தா படுத்திருந்தாங்க. தலைக்குச் செருப்பு. கழட்டி ஓரமா வெச்சா களவு போயிருமாம்.

"வீடு இல்லீங்களா ஆத்தா?"

"இருக்குது கண்ணு. குடிசை மாற்று வாரிய வீடு, மூணாவது மாடி. ஊருக்கு வெளிய குடுத்தாங்க. மொத பஸ்ஸு வாறதுக்குள்ள இங்க ஏவாரமே முடிஞ்சுருது."

வாரத்துக்கு ஒருக்காத்தான் அந்த வீட்டுக்குப் போறாங்களாம், துணி துவைக்க.

எங்க ஏரியா குரூப்ல போன வாரம் ஒருத்தர், ரோட்டோரம் படுக்கறவங்களை அப்புறப்படுத்தணும், அசிங்கமா இருக்குதுன்னு போட்டாரு. நாப்பது பேரு கைதட்டுனாங்க. அவரு ரெண்டு காரும் ராத்திரி ரோட்டுலதானுங்க நிக்குது!

மும்பை நடைபாதைவாசிகள் வழக்குல பொழைப்பும் உயிர்வாழும் உரிமைக்குள்ள அடக்கம்னு உச்ச நீதிமன்றம் 1985லயே சொல்லிருச்சு. காலி பண்ணக் கூடாதுன்னு சொல்லலை, அதையும் சொல்லிர்றேன். ஆனா வேலை செய்யற இடத்துக்குப் பக்கமா இருக்கத்தான் சனம் அங்க படுக்குதுன்னு அந்தத் தீர்ப்புக்குப் புரிஞ்சுது. குடிசை மாற்று வாரியத்துக்கு 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்துனாங்க. நல்ல பேருதான். பூ மார்க்கெட்டுக்கு நடந்து போற தூரத்துல அந்த ஆத்தாளுக்கு ஒரு ரூம்பு, கட்டுபடியாகற வாடகையில கெடைக்குமான்னுதான் கேக்கறேன்.

நான் கெளம்பறப்ப ஆத்தா சாக்கை மடிச்சு வெச்சுட்டு, அதே படியில உக்காந்து மொத மொழம் கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க.