ஓடவிட்டே தீர்க்கும் புரதம்

நல்ல பாம்பு விஷத்திலிருந்து பிரித்த புரதத்தோடு வேலை என்று வாய்விட்டால் போதும், உறவுக்காரர்கள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பார்கள்: "அப்ப முடக்குவாதத்துக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சா?" செய்தித் தலைப்புகளும் அதே கதிதான். எனக்கு அவற்றின் மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

அந்தப் புரதத்தின் பெயர் கோப்ரா வெனம் ஃபேக்டர். கடிபட்டவரைக் கொல்லும் வேலையை விஷத்திலுள்ள வேறு நச்சுகள் பார்த்துக்கொள்கின்றன. நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்றொரு புரதக் கூட்டம் உண்டு. ஒன்றையொன்று உசுப்பிவிட்டு, கடைசியில் கிருமியின் உறையில் ஓட்டை போடும். தன்னுடல் தாக்கு நோய்கள் பலவற்றில் இதே கூட்டம் சொந்தத் திசுவையும் பதம் பார்த்துவிடுகிறது. அதில் முக்கியமான சி3 புரதத்துக்கு இந்தப் பாம்புப் புரதம் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. காம்ப்ளிமென்டை ஓடவிடும் நொதி நம் சி3 வழியாக உருவானால் ஒன்றரை நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். பாம்புப் புரதம் சேர்ந்த நொதி பாதியாகச் சுமார் 7 மணி நேரம் ஆகும். நம் உடம்பின் அடக்கும் புரதங்களுக்கும் அது கட்டுப்படாது. விளைவு, காம்ப்ளிமென்ட் ஓடியோடியே தீர்ந்துபோகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்தில் இந்தப் புரதத்தைக் கலந்து 37 டிகிரியில் வைத்துவிட்டு, எதிர்ப்பொருள் பூசிய செம்மறி ஆட்டு ரத்த அணுக்களைப் போடுவோம். காம்ப்ளிமென்ட் மிச்சமிருந்தால் அணுக்கள் உடைந்து குழாய் முழுக்கச் சிவக்கும். தீர்ந்திருந்தால் மேலே தெளிவு, அடியில் செம்பொட்டு. எனக்கு இன்னும் அலுக்காத சோதனை இது.

மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் எதிர்ப்பொருள்கள் நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும். இமை தொங்கும், மெல்லக்கூடத் தெம்பிருக்காது. 1978-ல் எலிகளுக்கு இந்தப் புரதத்தைக் கொடுத்துக் காம்ப்ளிமென்டைக் காலி செய்தார்கள். பிறகு நோய் உண்டாக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியும் அவை தப்பித்தன.

அப்படியே மனிதருக்குக் கொடுத்துவிட முடியாது. அந்நியப் புரதமாயிற்றே, சீக்கிரமே உடம்பு அதற்கே எதிர்ப்பொருள் தயாரித்துவிடும். அடுத்த தடவை பலிப்பது சந்தேகம். 2017-ல் அமெரிக்காவில் மயஸ்தீனியாவுக்கு ஒப்புதல் பெற்ற எகுலிசுமாப் மருந்து, அதே காம்ப்ளிமென்ட் கூட்டத்தின் சி5 புரதத்தைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள். அதில் பாம்பின் துளிகூடக் கிடையாது. ஆனால் எந்த இடத்தில் கை வைக்கலாம் என்று காட்டியதில் அந்த எலிகளுக்குப் பங்குண்டு. எகுலிசுமாபுக்கும் ஒரு விலை உண்டு: மருந்தைத் தொடங்குமுன், மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமிக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். காம்ப்ளிமென்ட் ஓய்ந்தால் முதலில் புகுந்துவிளையாடும் கிருமி அதுதான்.